கீழத் திடலை அளந்தவர்கள்

அன்புள்ள தம்பி குமாருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மூன்று வாரமாக உன் போன் இல்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நீ அனுப்பிய பணத்தில் கூரை போட்டாகிவிட்டது. கஜா புயலுக்கு அப்புறம் இந்த மழைக்குத்தான் வீட்டுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. மகன் போட்ட கூரை என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் கீழத் திடலை டேப் பிடித்து அளந்தார்கள். யார் அனுப்பியது என்று கேட்டேன். சிங்கப்பூரிலிருந்து பேசிவிட்டார்கள் என்றான் ஒருவன். சிங்கப்பூரில் நம் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேர். நான் ஒன்றும் நினைக்கவில்லை.

வனமி இறால் வளர்க்கத் திடலைக் குத்தகைக்குக் கேட்கிறார்களாம். காகிதம் எது வந்தாலும் கையெழுத்துப் போடாதே. மூன்று வருஷம்தான் என்பார்கள். ஏறிய உப்பு மூன்று வருஷத்தில் இறங்குமா? குட்டைத் தண்ணீர் வாய்க்காலில் விழுந்து, பூநாரை மேயும் சேற்றைத் தாண்டித்தான் கடலுக்குப் போகவேண்டும். 1967-லிருந்து சரணாலயமாக இருக்கிற கோடியக்கரைக் காடு அது. தை, மாசியில் பங்குனி ஆமை கரையேறி முட்டையிடுகிற மணல். பத்து வயதில் வனத்துறைக்காரரோடு நின்று குஞ்சு விட்டாயே, அது துடுப்பால் உன் உள்ளங்கையை அடித்துக்கொண்டே இருந்தது. அதையெல்லாம் மறக்கிற பிள்ளையா நீ?

கஜாவுக்கு அப்புறம் திடலை உன் பேருக்கு எழுதினேன். அதனால் ஒன்றைச் சொல்லவேண்டும்.

நீ குஞ்சு விட்ட அதே 1995-இல் திடலைப் பண்ணைக்குக் குத்தகை விட்டிருந்தேன். இரவுக் காவலும் நான்தான். வெள்ளைப்புள்ளி நோய் வந்து இறால் மொத்தமும் செத்தது. ராத்திரியோடு ராத்திரியாகத் திறந்துவிடு என்றார்கள். மதகைத் திறந்தவன் நான். மருந்தும் அழுகலுமாகக் கறுப்புத் தண்ணீர் போனது. விடிந்து பார்த்தால் முகத்துவாரம் வரைக்கும் மடவை மீன் குஞ்சு வெள்ளை வெள்ளையாக மிதந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

பெரியப்பா வீட்டுக் கிணறு அடுத்த கோடையில் உப்பானது. பெரியம்மா வாளியிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பியதை, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அவர்களோடு பேச்சு ஏன் நின்றது என்று கேட்பாயே, இதுதான்.

காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயாவும் அவர் மனைவி கிருஷ்ணம்மாள் அம்மாவும் இறால் பண்ணைகளை எதிர்த்து நம் பக்கம் நடந்து வந்தபோது நான் வீட்டுக்குள் இருந்துகொண்டேன். ஐயா போட்ட வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோரப் பண்ணைகளை எடுக்கச் சொன்னது. அன்றைக்கும் வெளியே வரவில்லை. 2005-இல் வேறு சட்டம் வந்து பதிவு செய்துகொண்டால் போதும் என்று ஆகிவிட்டது. இப்போது டேப்போடு வருகிறார்கள்.

கையெழுத்து மட்டும் போடாதே. ஏற்கெனவே போட்டிருந்தாலும் சொல், திட்டமாட்டேன். வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய், அம்மாவுக்குக் கேட்காத இடத்தில் நின்று பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா