வயலை மேடாக்க வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நாங்கள் சுகம். நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

நீ கனடாவிலிருந்து அனுப்பிய சீக்கமஸ் ஆற்று வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சின்னவன் தண்ணீருக்குள் கையை விட்டுவிட்டு, குளிர் தாங்காமல் உடனே சட்டைக்குள் ஒளிக்கிறானே, அந்த இடத்தில் மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பனிப்பாறை மலையை அரைத்த மாவும் தண்ணீரோடு சேர்ந்து வருவதால்தான் அப்படிப் பால் கலந்த பச்சை நிறம் என்று அவனுக்குச் சொல். இந்த ஆறு போய் ஸ்குவாமிஷ் ஆற்றில் கலக்கிறது, அது கடலுக்குப் போகிறது. அதே வழியால் சமன் மீன் கடலிலிருந்து முட்டையிட ஏறி வரும். அந்த மீனுக்காக மாரியில் வெண்தலைக் கழுகுகள் வந்து காத்திருக்கும். முப்பது வருஷம் பூமிசாத்திரம் படிப்பித்த எனக்கு இதையெல்லாம் உன் கண்ணால் பார்ப்பது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வழுக்கையாற்றங்கரை வயலுக்கு மண் போட்டு உயர்த்தி வீடு கட்டலாமா என்று கேட்டாய். வேண்டாம் தம்பி.

உங்கள் கரிபால்டி மலை 2,678 மீற்றர். தண்ணீரைப் பனியாகச் சேமித்து வைத்து, வெயில் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறது. எங்களிடம் மலை இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேடான இடங்களே பத்துப் பதினைந்து மீற்றர்தான். எங்கள் சேமிப்பெல்லாம் காலுக்குக் கீழே, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்குள். அங்கே நன்னீர் உவர்நீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால், கீழே இருந்து உவர் நாற்பது அடி ஏறப் பார்க்கும். போன ஆவணியில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணீர் கரித்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் குடித்தார், நான் ஊற்றிவிட்டேன்.

அந்தச் சேமிப்பை நிரப்புவது ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைதான். தெல்லிப்பளைப் பக்கம் சேரும் வெள்ளம்தான் வழுக்கையாறாக அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி என்று குளமும் வயலுமாக நிரப்பிக்கொண்டு போய், அராலியில் கடலேரியைத் தொடுகிறது. கந்தரோடையின் பேரிலேயே ஓடை இருப்பதைப் பார். பத்து மைல் அளவுதான், அதுவும் மாரியில் மட்டும் ஓடும். அதனால் இதை ஆறு என்று நம்பாமல், வெறும் வெள்ள வாய்க்கால் என்று குப்பை கொட்டுகிறார்கள், மதில் கட்டி ஒடுக்குகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் எட்டுப் பரப்பு வயலிலும் அந்த வெள்ளம் முழங்கால் அளவுக்கு நிற்கும். நாலு நாளில் வற்றும்போது பாதி கடலுக்கு ஓடும், மிச்சம் நிலத்துக்குள் இறங்கும். நீ சின்னனில் வரம்பில் குந்தியிருந்து, நண்டு வளைக்குள் தண்ணீர் குமிழி விட்டு இறங்குவதைக் காட்டி, "அம்மா, நிலம் குடிக்குது" என்று கத்தினாய். அந்த வளைகளுக்கு மேல்தான் இப்போது மண் போடக் கேட்கிறாய். நாங்கள் மேடாக்கினால் எங்களுக்கு வர வேண்டிய வெள்ளம் பக்கத்து வயல்காரரின் வீட்டுப் படியேறும். கோடையில் அவருடைய கிணறும் எங்களுடையதும் சேர்ந்து கரிக்கும்.

வீடு கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய மாட்டுக்கொட்டில் நின்ற மேட்டுக் காணி சும்மாதானே கிடக்கிறது. அந்த மாமரத்தை மட்டும் வெட்டாமல் கட்டலாம். மேசனைக் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொல்லட்டா?

அன்புடன்,
அம்மா