இருக்கிற சிஸ்டர்களைக் கேளுங்கள்

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை தனியார் மருத்துவமனை நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நர்ஸ்கள் நிற்பதில்லை என்று அலுத்துக்கொள்கிறீர்கள். வளைகுடா, ஜெர்மனி, எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் அரசு வேலை என்று காரணமும் தயாராக இருக்கிறது. போகிறவரிடம் கடைசி நாளில் ஒரு படிவம் நீட்டுகிறீர்கள். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் கைக்கு வராமல் யார் உள்ளதை எழுதுவார்? ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

போகிறவரை விடுங்கள், இருக்கிறவர் ஏன் இருக்கிறார் என்று கேளுங்கள். இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. 2001-இல் டெரன்ஸ் மிட்செல் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் மளிகைக்கடை, மருத்துவமனை ஊழியர்களைக் கேட்டு வெளியிட்டது. வேலை பிடித்திருக்கிறதா என்பதோடு அது நிற்காது. யார் யாரோடு ஒட்டுதல், வேலையும் ஊரும் ஒத்துப்போகிறதா, விட்டுப்போனால் எதையெல்லாம் இழக்க வேண்டும் என்று மருத்துவமனைக்குள்ளும் வெளியிலும் தனித்தனியாகக் கேட்கும்.

வெளியே பற்றிய கேள்விகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே சொந்த வீடு இருக்கிறதா என்று கேட்டார்கள். இங்கே பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார் என்று கேட்க வேண்டும். இரவு டூட்டி மாறும்போது, அடுத்து வருகிறவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டிங் ஓவர் இழுத்துவிட்டால் முக்கூடலுக்குப் பஸ் கிடைக்குமா? “ஏட்டி, நீ கெளம்பு, பஸ் போயிரும். மூணாம் பெட்டு டிரிப்ப நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்ல வார்டில் ஓர் ஆள் இருக்கிறாரா? அப்படி ஒருத்தி இருப்பதால் மட்டுமே வேலையில் நீடிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் சம்பளப் பட்டியலில் அது வராது.

சம்பளத்தைத் தள்ளிவிடவும் கூடாது. 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம். நீங்கள் கொடுப்பது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

வில்லங்கம் அந்த ‘இழப்பு’க் கேள்வியில்தான். ‘இந்த வேலையை விடுவது எனக்குக் கஷ்டம்’ என்பதற்கு முழு மதிப்பெண் போட்ட சிஸ்டர் எதை நினைத்துப் போட்டார்? கூட வேலை பார்க்கிறவர்களையா, இடையில் விட்டால் கட்ட வேண்டிய பாண்டுப் பணத்தையா, உங்கள் பீரோவில் கிடக்கும் ஒரிஜினல் சர்டிபிகேட்டையா? கூட்டிப் பார்த்தால் எல்லாம் ஒரே எண்தான். அதைக் காட்டி ‘எங்கள் ஸ்டாஃபுக்கு ரொம்பப் பிடிப்பு’ என்று மீட்டிங்கில் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். சர்டிபிகேட்டுகளை முதலில் திருப்பிக் கொடுங்கள். அப்புறம் கேளுங்கள்.

கேட்பது நர்சிங் சூப்பரிண்டெண்டெண்டாக இருக்கக் கூடாது. நைட் முடிந்து கண் சொருகும் நேரத்திலும் வேண்டாம். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு வயது, பிரிவு, ஊர் என்று கேட்காதீர்கள். ஐந்து பேர் இருக்கும் டயாலிசிஸில் அது பெயரைக் கேட்டதற்குச் சமம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வார்டு இன்சார்ஜ் ஒருத்தி,
பாளையங்கோட்டை