சேலத்து டாக்டர்களுக்கு: வெரிகோசீலுக்கு ஊசித் துளை வழியையும் சொல்லிவிடுங்கள்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு, வணக்கம்.

நான் அம்மாபேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவன். ஷிப்டு பன்னிரண்டு மணி நேரம், அத்தனையும் நின்ற வேலை. மூன்று வருஷமாக இடது விதைப்பையில் ஒரு கனம். காலையில் ஒன்றும் தெரியாது, மத்தியானத்துக்கு மேல் கீழே இழுக்க ஆரம்பிக்கும், ராத்திரி படுத்தால் போய்விடும், அதனால் உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயத் தண்ணீரும் இளநீருமாகக் காலம் தள்ளினேன். வெளியே சொல்லவில்லை. அந்த இடத்தில் வீக்கம் என்றாலே எங்கள் பக்கம் ஓதம் என்று பேர் வைத்துவிடுவார்கள். ஓதம் என்பது நீர் கோர்ப்பது, எனக்கு இருந்தது ரத்தக் குழாய் புடைத்துச் சுருண்டுபோன வெரிகோசீல். இரண்டும் வேறு என்றே எனக்கு அப்புறம்தான் தெரியும்.

இதற்கு நடுவில் எங்களுக்குக் குழந்தை இல்லை என்று என் மனைவிக்கு இரண்டு வருஷம் வைத்தியம் நடந்தது. மாத்திரை, ஊசி, ஸ்கேன், கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் அந்த வலிக்கும் எக்ஸ்ரே, எல்லாம் அவளுக்குத்தான். என்னை ஒருவரும் ஒரு டெஸ்ட் எடுத்துவா என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, அதை நினைத்தால் இன்றைக்கும் அவள் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது. ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இந்தப் புடைப்பு இருக்கிறது, குழந்தையில்லை என்று வரும் ஆண்களில் நூற்றுக்கு 35 முதல் 40 பேருக்கு இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததா? நிற்க வைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லித் தொட்டுப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும் ஒரு விஷயம் அது.

கடைசியில் வலி தாங்காமல் ஒரு டாக்டரிடம் போனேன். பார்த்தார், ‘நரம்பு சுருண்டிருக்கு, ஆபரேஷன் பண்ணணும்’ என்றார், அவ்வளவுதான். வேறு வழி உண்டா என்று கேட்டதற்கு பதிலில்லை. தறியை எத்தனை நாள் நிறுத்த முடியும் என்ற பயத்தில் இன்னும் எட்டு மாதம் ஓட்டினேன். பிறகு ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்த இடத்தில், அந்த ஸ்கேன் டாக்டர்தான் ஒரு வெள்ளைத் தாளில் படம் போட்டுக் காட்டினார். இடது விதையிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் குழாய் நீளமானது, அது சிறுநீரகத்து ரத்தக் குழாயில் போய்ச் செங்குத்தாகச் சேர்கிறது, உள்ளே இருக்கும் வால்வு பழுதானால் ரத்தம் மேலே ஏறாமல் கீழே தேங்குகிறது, உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருக்கவேண்டிய விதை அந்தத் தேக்கத்தால் சூடாகிறது, அதனால் விந்தணுவும் குறையலாம். இடது பக்கமே ஏன் அதிகம் வருகிறது என்பதற்கு அந்தப் படமே பதில். பழுதான குழாயை உள்ளிருந்தே அடைக்கலாம், அதற்கு எம்போலைசேஷன் என்று பேர், ஸ்கேன், எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே ஊசித் துளை வழியாக வைத்தியம் பண்ணும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி டாக்டர்கள் செய்வார்கள் என்றும் அவர்தான் சொன்னார்.

கோயம்புத்தூரில் செய்துகொண்டேன். கழுத்தில் மரத்துப்போக ஒரு ஊசி, அந்தத் துளை வழியாக மெல்லிய குழாய், எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே அதை இறக்கிக்கொண்டு போனார்கள். எக்ஸ்ரேயில் ரத்தக் குழாய் தெரிவதற்கான சாயம் செலுத்தும்போது வயிற்றுக்குள் ஒரு வெதுவெதுப்பு. சின்னச் சின்ன உலோகச் சுருளையும் ஒரு மருந்தையும் வைத்து அடைத்தார்கள். தையல் இல்லை, மயக்கம் கொடுக்கவில்லை, சாயங்காலமே பஸ் ஏறிவிட்டேன். நாலைந்து நாள் இடுப்பில் ஒரு மந்த வலி, ஒரு வாரம் பாரம் தூக்காமல் இருந்தேன், அப்புறம் தறிதான்.

ஆபரேஷன் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்யும் ஆபரேஷனில் திரும்ப வருவது ரொம்பக் குறைவு. எம்போலைசேஷனில் சிலருக்குக் குழாய்க்குள் போகவே முடியாது, வலது பக்கம் இன்னும் கஷ்டம், சிலருக்குத் திரும்பவும் வரும், எப்போதாவது சுருள் நகர்ந்துபோவதும் உண்டு, சாயம் ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு நீர் கோர்க்கலாம் என்ற பயம் இதில் அநேகமாக இல்லை. வலியும் இல்லாமல் விந்தும் சரியாக இருந்தால் எதுவுமே செய்யவேண்டாம். எனக்கு வலி போய்விட்டது, மூன்று மாதம் கழித்து எடுத்த டெஸ்டில் விந்தணுக்கள் கூடியிருந்தன. குழந்தை இன்னும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கேட்பது இதைத்தான். தம்பதியாக வந்தால் முதல் நாளே ஆணுக்கும் விந்துப் பரிசோதனை எழுதுங்கள். வெரிகோசீல் என்று தெரிந்தால் சும்மா விடலாமா, ஆபரேஷனா, ஊசித் துளையா என்று மூன்றையும் பேசுங்கள், எது எங்கே செய்கிறார்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எது வரும் என்பதையும் சேர்த்து. நீங்கள் ரேடியாலஜிஸ்டாக இல்லாவிட்டாலும் சொல்லலாம். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிற காப்பித் தோட்டத்து ஆளுக்கும், லீ பஜாரில் மூட்டை தூக்குகிறவருக்கும், ஒரே நாளில் வீடு திரும்பலாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

பக்கத்துத் தறியில் ஒரு பையன், வயது இருபத்திரண்டு, அவனுக்கும் இடது பக்கம் இதே கனம். அவனைப் பேசவைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. திங்கட்கிழமை உங்களில் ஒருவரிடம் அழைத்து வருகிறேன். கொஞ்சம் நேரம் ஒதுக்கி அவனிடம் பேசுங்கள்.