ஷாங்காயில் எனக்குச் சோறு போட்டவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

வருகிற சனிக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறோம். நாலு வருஷம் ஓடிவிட்டது. நேற்று சாமான் கட்டும்போது கைப்பையின் உள்ஜேபியிலிருந்து ஒரு அட்டை விழுந்தது. எனக்கு எந்தெந்த உணவு ஆகாது என்று சீனத்தில் எழுதிய, ஓரமெல்லாம் நைந்து, நடுவில் சோயா சாஸ் கறை படிந்த அட்டை. அதைக் கையில் எடுத்த பிறகு பெட்டி கட்ட மனம் வரவில்லை. இந்த மடலை எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நீங்கள் எனக்குச் செய்தது என் ஜனங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதல் நன்றி, அந்த அட்டையை எழுதித் தந்த அலுவலகத் தோழிக்கு. வந்த புதிதில் இரண்டு மாதம் நான் சாப்பிட்டது பழம், பிரெட், அறையில் குக்கர் வைத்துக் கிளறிய தயிர்சாதம், அவ்வளவுதான். வெளியே போனால் 'பூ யாவ் ரோ' என்பேன். கறி வேண்டாம் என்று அர்த்தம். பரிமாறுபவர் தலையாட்டிவிட்டுப் போவார். வருகிற கீரையில் ஹாம் (பதப்படுத்திய பன்றிக்கறி) துணுக்கு கிடக்கும், கத்தரிக்காயில் கொத்துக்கறி கிடக்கும். ஒரு நாள் வெறும் நூடுல்ஸ் போதும் என்று கேட்டு வாங்கினேன். தெளிவாக ரசம் மாதிரி இருந்த அந்தச் சாறு மாட்டெலும்பில் இறக்கியது என்பது பாதிக் கிண்ணம் காலியான பிறகுதான் தெரிந்தது. அன்றிரவு அம்மாவிடம் போனில் பேசும்போது அழுதுவிட்டேன்.

தோழி, மறுநாள் நீங்கள்தான் என்னை உட்கார வைத்து விளக்கினீர்கள். ‘ரோ’ என்றால் இங்கே சாதாரணப் பேச்சில் பன்றிக்கறி. அது வேண்டாம் என்றால் கோழியோ இறாலோ வரலாம். வாசனைக்குத் தூவுகிற ஹாமை யாரும் கறிக் கணக்கில் சேர்ப்பதில்லை. “இனிமேல் ‘வோ ச்சிர் சூ’ என்று சொல்” என்றீர்கள். ‘நான் சூ சாப்பிடுகிறவள்.’ சூ என்றால் சைவம். ஆறாம் நூற்றாண்டில் நான்ஜிங்கில் இருந்து ஆண்ட லியாங் வூ பேரரசர் பௌத்தத் துறவிகள் புலால் உண்ணக் கூடாது என்று கட்டளையிட்டதையும், அன்றிலிருந்து மடங்களில் வளர்ந்த சமையல் இது என்பதையும் நீங்கள் சொல்லித்தான் கேட்டேன். சைவம் என்பது என்னோடு விமானத்தில் வந்திறங்கிய விஷயம் என்று நினைத்திருந்தேன். அது எனக்கு முன்பே, ஆயிரத்தைந்நூறு வருஷமாக, இங்கே இருந்திருக்கிறது.

அட்டையில் பன்றி, மாடு, கோழி, மீன், இறால், முட்டை வேண்டாம் என்று எழுதியதோடு நீங்கள் நிறுத்தவில்லை. பன்றிக் கொழுப்பு, எலும்புச் சாறு, சிக்கன் பவுடர், ஆய்ஸ்டர் சாஸ், காய்ந்த இறால் என்று, எனக்குக் கேட்கவே தெரியாதவற்றை எல்லாம் அடுத்த வரியில் சேர்த்தீர்கள். அந்த இரண்டாவது வரிதான் என்னைக் காப்பாற்றியது.

அப்புறம், எங்கள் தெருமுனையில் காலைப் பலகாரம் விற்கும் ஆயீ. இந்த ஊரில் அந்த வயதுப் பெண்களை எல்லோரும் ‘ஆயீ’ என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் பாட்டியை ஆயி என்போம், அதனால் எனக்கு அது வாயில் தானாக வந்தது. ஆயீ, முதல் நாள் நான் உங்கள் கடையில் கீரையும் காளானும் உள்ளே வைத்து ஆவியில் வேகவைத்த மாவுருண்டை, பாவ், இரண்டு கேட்டேன். ஆவி பறக்கிற மூங்கில் தட்டு, வெள்ளை வெளேரென்று பாவ், உள்ளே பச்சை. அட்டையைக் காட்டினேன். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி மாட்டி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தீர்கள். பின்னால் வரிசை நின்றது. படித்து முடித்து, எடுத்த பாவைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டீர்கள். கீரை மினுமினுக்கப் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறேன், உனக்கு ஆகாது என்று கைஜாடையில் சொன்னீர்கள். நீங்கள் தந்திருந்தால் நான் தெரியாமல் சாப்பிட்டிருப்பேன். விற்கக் கூடிய பொருளை விற்காமல் விட்டீர்களே, அதை நான் மறக்க மாட்டேன்.

அதற்குப் பதிலாக ஈரத் துணியில் ஒட்டும் அரிசிச் சோற்றைப் பரப்பி, நடுவில் யூத்தியாவ் என்கிற, எண்ணெயில் பொரித்த மொறுமொறு மாவுக் குச்சி ஒன்றை ஒடித்து வைத்து, கடுகுத்தண்டு ஊறுகாய் தூவி, துணியோடு முறுக்கி உருட்டிக் கொடுத்தீர்கள். வழக்கமாகப் போடும் பன்றிக்கறித் தூளை அன்று தொடவில்லை. அதற்குப் பிறகு என்றைக்கும் தொடவில்லை. சோயாபாலும் இனிப்புதான் எனக்கு, உப்புப் பாலில் காய்ந்த இறால் விழும் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள்.

பன்னிரண்டு வருஷமாக இங்கே இருக்கும் அக்காவுக்கு நன்றி சொன்னால் அடிக்க வருவார். சொல்லத்தான் போகிறேன். யூஃபோ கோயிலுக்குக் கூட்டிப்போனது அவர்தான். 1882இல் பர்மாவிலிருந்து கொண்டுவந்த வெள்ளை ஜேட் புத்தர் இருக்கும் கோயில். ஜனம் தாங்காமல் 2017இல் பெரிய மண்டபத்தையே புத்தர் சிலைகளோடு சேர்த்து 30 மீட்டர் பின்னால் நகர்த்தி, முன்முற்றத்தை அகலமாக்கினார்கள். அந்தக் கோயிலின் காளான் நூடுல்ஸ் வாயில் வைத்ததும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை. எதையும் கிளறிப் பார்க்காமல், அட்டையை எடுக்காமல், இரண்டு மாதத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டேன். ‘இலந்தை மரம்’ என்ற சைவக் கடையின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொன்னதும் அக்காதான். ‘ஸாவ் ஸ ஷூ’ என்று வேகமாகச் சொன்னால் ‘ஸாவ் ச்சிர் சூ’, அதாவது ‘சீக்கிரம் சைவமாகு’ என்று காதில் விழுகிறது!

போன வருஷம் அம்மா வந்து நாற்பது நாள் தங்கினார். அமாவாசைக்கு வெங்காயம் பூண்டு சேர்க்காதவர். அவரை எப்படிச் சமாளிப்பது என்று நான் தூங்காமல் கிடந்தேன். அமாவாசையை ஒட்டி யூஃபோ கோயிலுக்குப் போனால் வாசல்வரை வரிசை. சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இங்கே பலர் சூ சாப்பிடுகிறார்கள். நம் அமாவாசை, பௌர்ணமிக்கு ஒரு நாள் முன்னே பின்னே வரும். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவரிடம் தோழி எழுதிக் கொடுத்த கேள்வியைப் போனில் காட்டினேன். பூண்டு, வெங்காயம் எதுவும் கிடையாது, ஐந்து காரவாடைப் பொருளையும் மடத்தில் விலக்குவார்கள் என்றார். ஐந்தாவது ‘ஷிங் ச்சூ’. தேடிப் பார்த்தால் நம் பெருங்காயம். ஹிங்கு என்ற வடமொழிச் சொல் சீனம் போய் அப்படி ஆகியிருக்கிறது. “பெருங்காயமுமா?” என்று அம்மா வாயடைத்துப் போனார். ஐயா, உங்களை மறுபடி பார்க்கவில்லை. உங்கள் இடத்தை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்துப் பின்னால் போய் நின்றீர்கள். நன்றி.

1922இல் தொடங்கிய, இப்போது நான்ஜிங் மேற்கு ரோட்டில் இருக்கும் குங்தலின் சைவ உணவகத்தில் பரிமாறிய தம்பிக்கும் ஒரு நன்றி. ‘வாத்து’ என்று எழுதி, வாத்து மாதிரியே பழுப்பாகப் பளபளத்த தட்டைப் பார்த்து அம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டார். நீங்கள் பதறவில்லை. ஒரு துண்டை எடுத்து, சாப்ஸ்டிக் முனையால் மடிப்பு மடிப்பாகப் பிரித்துக் காட்டினீர்கள். சோயாபால் காய்ச்சும்போது மேலே படியும் ஆடை, அதுதான் அடுக்கடுக்காக. அம்மா ஒவ்வொரு அடுக்காக எண்ணிப் பார்த்துவிட்டு வாயில் போட்டார். பிறகு உருளைக்கிழங்கும் கேரட்டும் மசித்து இஞ்சி மணக்கச் செய்த ‘நண்டை’ இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

கடைசியாக எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருக்கும் சின்னக் கடையின் ஷீஃபு, அதாவது சமையல் மாஸ்டர். சைவக் கடை இல்லை அது. ஆனால் என் தலை தெரிந்தால் வாணலியைக் கழுவிவிட்டுத்தான் அடுப்பில் வைப்பீர்கள். உருளை, கத்தரி, குடமிளகாய் மூன்றையும் பொரித்துப் பிரட்டும் உங்கள் தி சான் ஷியன், வீட்டில் எத்தனை தடவை செய்தாலும் அந்தப் பதம் வரவில்லை. மாப்போ டோஃபு என்கிற காரமான சோயாக்கட்டிக் குழம்பில் கொத்துக்கறிக்குப் பதில் காளானைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டது உங்கள் சொந்த யோசனை, நான் கேட்கவே இல்லை.

அட்டையை நேற்றே கடையில் கொடுத்து லேமினேட் செய்துவிட்டேன். திங்கட்கிழமை திருச்சியிலிருந்து ஒரு பெண் எங்கள் அலுவலகத்தில் சேர வருகிறாள், அவளும் சூதான். ஆயீ, காலை ஏழேகாலுக்கு அதே அட்டையோடு உங்கள் கடைக்கு வருவாள். சோயாபால் இனிப்பு, சோற்றுருண்டையில் ஊறுகாய் மட்டும் கொஞ்சம் கூடவே வையுங்கள்.