களஞ்சியத்துப் பூனைகளுக்கு இன்னும் 17 பங்கு தேவை

அன்புடையீர்,

வணக்கம். பண்ணை கைமாறிவிட்டது. பழைய தானியக் களஞ்சியத்தையும் அதை ஒட்டிய மாட்டுக்கொட்டகையையும் அடுத்த மாதம் 20ஆம் தேதி இடிக்கிறார்கள். அதற்குள் அங்கே குடியிருக்கும் 46 பூனைகளையும் பிடித்து, கருத்தடை செய்து, வேறு இடத்தில் சேர்த்தாக வேண்டும். 29 பூனைகளுக்கான செலவு, அதாவது 29 பங்கு, உங்கள் தயவால் சேர்ந்துவிட்டது. மீதி 17க்கு இன்னும் வழி பிறக்கவில்லை. புதிய உரிமையாளர் எங்களுக்காக ஒருமுறை தேதியைத் தள்ளிவைத்தார். மறுபடியும் போய் நிற்க எங்களுக்கு முகமில்லை.

அடுத்து வருவது பழம்பெருமை. நீளம் என்று செயலாளர் சொன்னார். ஒரு வரிகூடக் குறையக் கூடாது என்று தலைவர் சொல்லிவிட்டார். தலைவர் சொன்னபடியே போடுகிறோம்.

பூனையை மனிதன் தேடிப் போய்ப் பிடித்துவந்து பழக்கவில்லை. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் மனிதன் விதைத்து, அறுத்து, தானியத்தைச் சேமித்தான். தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பின்னால் காட்டுப்பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புதைகுழியில் மனிதனுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததை 2004இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை கிடையாது. யாரோ படகில் ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள். 1745இல் ரஷ்யப் பேரரசி எலிசபெத், அரண்மனை எலிகளை ஒழிக்கக் கசான் நகரத்துப் பூனைகளை அனுப்பிவைக்கும்படி ஆணையே பிறப்பித்தார். 1949இல் சீனாவின் யாங்சி ஆற்றில் சிக்கிக்கொண்ட அமெதிஸ்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில், குண்டடிபட்ட காயத்தோடு எலி வேட்டையாடி மாலுமிகளின் உணவைக் காத்த சைமன் என்ற பூனைக்கு, போர்க்களத்தில் உதவிய விலங்குகளுக்குத் தரப்படும் டிக்கின் பதக்கம் கிடைத்தது. பூனை இனத்தில் அந்தப் பதக்கம் பெற்றது அது ஒன்றுதான்.

நம் களஞ்சியத்துப் பூனைகளுக்குப் பதக்கம் தர யாரும் இல்லை. தலைமுறை தலைமுறையாக அங்கே மூட்டைகளைக் காத்தவை அவை. எலி பிடித்த காலத்தில் எல்லோருக்கும் வேண்டியவையாக இருந்தன. களஞ்சியம் காலியானதும் யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விட்டன.

46 எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். ஒரு பெட்டை நாலைந்து மாதத்திலேயே சினைப்பிடிக்கும். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். ஓர் ஈற்றில் பெரும்பாலும் நான்கு குட்டி, வருடத்துக்கு இரண்டு மூன்று ஈற்று. பாலூட்டிக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினையாகும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். குட்டிகளில் பாதி பிழைப்பதில்லை என்று ஆறுதல் சொல்கிறவர்களும் உண்டு. அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள எங்களால் முடியவில்லை.

இந்த 46இல் 11 குட்டிகள். பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழெட்டு வாரம் வரைக்குள் மனிதர் கை பட்டு வளர்ந்தால் குட்டி வீட்டுப்பூனையாகிவிடும். ஆகவே இவை வீடுகளுக்குப் போகும். மற்ற 35ம் வளர்ந்தவை, மனிதரைக் கண்டால் ஓடுபவை. அவற்றை மடியில் வைத்துக் கொஞ்ச முடியாது. வீட்டுக்குள் அடைப்பது அவற்றுக்குத் தண்டனை. அவற்றுக்கு ஏற்ற இடம் எலித்தொல்லை உள்ள வேறொரு பண்ணை, லாயம் அல்லது கிடங்குதான். அப்படிப்பட்ட இடங்களிலிருந்து பூனை கேட்டு வரத்தான் செய்கிறார்கள்.

“சாக்கில் கட்டி எங்காவது விட்டுவிட்டு வந்தால் போச்சு, இதற்கு ஏன் பணம்?” என்று நேரிலேயே கேட்டவர்கள் இருக்கிறார்கள். பூனைக்கு ஆளைவிட இடம்தான் பெரிது. புது இடத்தில் திறந்துவிட்ட மறுநிமிடமே பழைய வீட்டைத் தேடிக் கிளம்பும். வழியில் வண்டியில் அடிபடும், நாயிடம் மாட்டும், பட்டினி கிடக்கும். அதனால்தான் புது இடத்திலேயே பெரிய கூண்டிலோ மூடிய அறையிலோ மூன்று நான்கு வாரம் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி, மணல்தட்டு, தண்ணீர், தினமும் ஒரே நேரத்தில் தீனி. அந்த இடத்தின் சத்தமும் வாசனையும் தீனி வைப்பவரின் காலடியும் பழகிய பிறகே கதவைத் திறக்கலாம். தனியாக அனுப்புவதும் கூடாது. ஒன்றோடொன்று ஒட்டி உறங்கும் ஜோடியாகப் பார்த்து அனுப்பினால்தான் தங்கும். இதற்கு நான்கு பெரிய கூண்டுகள் வேண்டும். கையில் இருப்பவை இரண்டு.

இனி செலவு. ஒரு பூனைக்கு ஆகும் மொத்தச் செலவையே ஒரு பங்கு என்கிறோம். மயக்க மருந்தோடு கருத்தடை அறுவை, ரேபிஸ் தடுப்பூசி, பூனைக் காய்ச்சலுக்கான கூட்டுத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, தெள்ளுப்பூச்சி மருந்து, அடைப்புக் காலத்துத் தீனி எல்லாம் இதில் அடக்கம். மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியைச் சிறிது வெட்டிவிடுவார்கள். அறுவை முடிந்த பூனை என்று தூரத்திலிருந்தே தெரிந்துகொள்வதற்குத்தான் அது. கொடுமை என்று யாரும் எங்களுக்கு எழுத வேண்டாம். தேவை 46 பங்கு, வந்தது 29, குறைவது 17. இரண்டு கூண்டுகள் இந்தக் கணக்கில் சேரவில்லை. முழுப் பங்கு முடியாவிட்டால் அரைப் பங்கு, கால் பங்கு, எதுவானாலும் சரி.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. முதல் பங்கைக் கொண்டுவந்து கொடுத்தவர் அந்தப் பண்ணையில் மாடு மேய்த்த பெரியவர். தன் பெயர் எங்கும் வரக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பொறிக்கூண்டுகளின் கதவை இலவசமாகச் சரிசெய்து கொடுத்த வெல்டிங் பட்டறைத் தம்பி, கட்டணத்தில் பாதியை வேண்டாம் என்று சொன்ன கால்நடை மருத்துவர் அம்மா, பள்ளிக்குப் போகுமுன் வந்து தீனித்தட்டைக் கழுவும் பிள்ளைகள், உண்டியலை உடைத்துச் சில்லறையாகவே கொண்டுவந்த அவர்களின் தங்கை, கூண்டை மூடப் பழைய போர்வைகள் தந்த அக்காமார்கள் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறோம். (இருட்டாக மூடினால்தான் பிடிபட்ட பூனை முட்டி மோதாமல் அடங்கும், அந்தப் போர்வைகள் பணத்துக்குச் சமம்.) பூனையே பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே இரண்டு பங்கு கொடுத்த ஐயாவுக்கும் தனி வணக்கம். வாயில்லா ஜீவனுக்குச் செய்தது வீண்போகாது. ஆண்டவன் உங்கள் குடும்பங்களைக் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும்.

தருகிறோம் என்று கூட்டத்தில் கைதூக்கியவர்களும் இருக்கிறார்கள். எழுதிவைத்த பங்குகள் எல்லாம் வந்திருந்தால் இந்த வேண்டுகோளுக்கே அவசியம் இருந்திருக்காது. பெயர் சொல்லப் போவதில்லை, அவரவருக்குத் தெரியும். அந்தக் களஞ்சியத்து நெல்லை உண்டு வளர்ந்த குடும்பங்கள் நம்மில் எத்தனை என்பதும் தெரியும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது என்பார்கள். நாம் மூடிக்கொண்டாலும் 20ஆம் தேதி இயந்திரம் வந்து நிற்கும். மனிதர்களுக்கே ஆயிரம் கஷ்டம் இருக்கப் பூனைக்கா என்று கேட்பவர்களில் சிலர் மனிதர்களுக்காக நாங்கள் கேட்டபோதும் கொடுக்கவில்லை என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறோம்.

பணமாக முடியாதவர்கள் வண்டி தரலாம், குட்டியை வீட்டில் வைத்துப் பழக்கித் தரலாம். தயவுசெய்து பால் வாங்கி வர வேண்டாம். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்கு அது செரிக்காது, வயிற்றுப்போக்கில் முடியும். காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துத் தீனியில் கலக்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் உடனே நிறுத்துங்கள்; பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். பொறிக்கூண்டு வைப்பதற்கு முந்தைய நாள் யாரும் தீனி போடக் கூடாது. பசித்தால்தான் பூனை உள்ளே நுழையும். மாலையில் ரகசியமாகச் சோறு வைத்துவிட்டுப் போகும் நல்ல உள்ளங்களுக்கும் இது பொருந்தும்.

பங்குகளைப் பொருளாளரிடம் நேரில் தந்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். இந்த மாதக் கடைசிக்குள் வந்தால் மருத்துவரிடம் அறுவை நாட்களை உறுதிசெய்ய முடியும். வரவு செலவுக் கணக்கு குழு அறைக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது, யாரும் பார்க்கலாம். பணம் மிஞ்சினால் அது அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் இன்னும் அறுவை ஆகாத பெட்டைகளுக்குப் போகும். பெருச்சாளி பிடிக்க எங்கள் பொறிக்கூண்டை இரவல் வாங்கிப்போனவர் இந்த வாரமே திருப்பித் தந்துவிடவும்.

இங்ஙனம்,
பண்ணைப் பூனைகள் மீட்புக் குழுவினர்