கடைமடை ரூமுக்கும் சூடு போய்ச் சேரணும்

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்துல ரெடிங் பக்கத்துல புது வீடு வாங்கி குடிவந்து இது ரெண்டாவது குளிர்காலம். ரேடியேட்டர் கிடையாது, தரைக்கு அடியில 16 மி.மீ. பைப்ல சுடுதண்ணி ஓடி ரூமை சூடாக்கும், அந்தத் தண்ணியை சூடாக்கற மெஷின், ஹீட் பம்ப், வெளியில இருக்கு. நம்ம பத்திரிகையை இங்க வாரக் கடைசில படிக்கிற குடும்பம் நிறைய இருக்கு, அதுல புது வீட்டுக்கு பணம் கட்டிட்டு சாவிக்கு காத்திருக்கறவங்களும் இருக்காங்க, அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

போன டிசம்பர்ல அம்மா திருச்சில இருந்து வந்திருந்தாங்க. கிச்சன் தரை கதகதன்னு இருக்கும், காலை நீட்டி உக்காந்து அங்கேயே கீரை ஆய்வாங்க. ராத்திரி ஆனா கீழ இருக்கற கடைசி பெட்ரூம்ல படுக்கணும், அங்க தரை ஐஸ் மாதிரி. முட்டிவலியோட ரெண்டு சாக்ஸ் போட்டுக்கிட்டு தூங்குனாங்க, ஒரு வார்த்தை சொல்லல. எனக்குத்தான் மனசு ஆறல.

வீடு கட்டிக் கொடுத்த கம்பெனிக்கு போன் பண்ணா தெர்மோஸ்டாட்டை ஏத்தி வைங்கன்னாங்க. ஏத்தினேன். அப்புறம் ஒருத்தர் வந்து ஹீட் பம்ப்ல தண்ணி சூட்டை 40ல இருந்து 50 டிகிரிக்கு தூக்கி வச்சிட்டு போயிட்டார். கிச்சன்ல கால் வைக்க முடியல, கரண்ட் பில் எகிறுச்சு, அம்மா ரூம் மட்டும் அப்படியே. ஆள் இருக்கற இடத்துல தரை மேல 29 டிகிரிக்கு மேல போகக்கூடாதுன்னு ஐரோப்பிய தரம் ஈஎன் 1264 சொல்லுது, இது எனக்கு பின்னாடி தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சுது.

கோளாறு எங்கன்னா மாடிப்படிக்கு கீழ இருக்கற கப்போர்டுல. அங்கதான் மேனிஃபோல்டு இருக்கு, ஒவ்வொரு ரூமுக்கும் பைப் அங்க இருந்துதான் பிரியுது, ஒவ்வொண்ணு மேலயும் விரல் அளவு கண்ணாடிக் குழாய், உள்ள சின்ன சிவப்பு வில்லை, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் போகுதுன்னு அது காட்டும். டார்ச் அடிச்சு பார்த்தா எல்லாமே முழுசா திறந்து கெடக்கு. கிச்சனுக்கு கிட்டத்தட்ட 3 லிட்டர், கடைசி பெட்ரூமுக்கு 1 லிட்டர் கூட இல்ல. கிச்சன் பைப் 55 மீட்டர் சுத்து, பெட்ரூம் பைப் 90 மீட்டருக்கு மேல, நீளம் கூடினா தடை கூடும், தண்ணி எது சுலபமோ அந்தப் பக்கம்தான் ஓடும். டெல்டா பக்கம் வயல் வச்சிருக்கறவங்களுக்கு இதை விளக்கவே வேணாம், தலைமடையில மடையை பூரா திறந்து விட்டா கடைமடைக்கு என்ன போகும்? ஆத்துல இன்னும் தண்ணி விட்டா சரியாயிடுமா, மடையைத்தான் அடைக்கணும்.

அந்த அடைக்கற வேலைக்குத்தான் பேலன்சிங்னு பேரு. வீட்டுக்காரங்களே பண்ணலாம், பொறுமை மட்டும் வேணும். கணக்கு சுலபம்: நிமிஷத்துக்கு 1 லிட்டர் தண்ணி போய் 5 டிகிரி ஆறித் திரும்பினா சுமார் 350 வாட் சூடு அந்த ரூம்ல இறங்கியிருக்கு. அம்மா ரூமுக்கு 650 வாட் வேணும்னா 1.9 லிட்டர், கிச்சனுக்கு 400 வாட் போதும்னா 1.1 லிட்டர். மொதல்ல எல்லா தெர்மோஸ்டாட்டையும் உச்சத்துல வச்சு எல்லா வால்வும் திறந்திருக்கான்னு பாருங்க, ஏன்னா ஒரு ரூம் மூடியிருக்கும்போது அளந்தா எல்லா நம்பரும் தப்பா வரும். மேனிஃபோல்டுல இருந்து கெளம்பி ரூமை சுத்தி திரும்பி வர்ற ஒரு பைப்தான் ஒரு லூப், ஒவ்வொரு லூப்பா உள்ள சிக்கியிருக்கற காத்தை வெளியேத்திடுங்க. அப்புறம் அதிகமா இழுக்கற லூப்பை கொஞ்சமா திருகி குறைங்க, இன்னொண்ணு தானா ஏறும், மறுபடி முதல்ல இருந்து சரிபாருங்க. பைப்பை மூடிப் போட்டிருக்கற கலவைத் தளம், அதாவது ஸ்கிரீட், சூடாக மணிக்கணக்குல ஆகும், அதனால ஒரு நாளைக்கு ஒரு திருகல், அடுத்த நாள் பார்த்துட்டு அடுத்தது. திரும்பி வர்ற பைப் சூட்டை லேசர் தெர்மாமீட்டர்ல அளக்கறவங்க பளபளன்னு இருக்கற உலோகம் மேல அளக்காதீங்க, பொய் சொல்லும், கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அது மேல அளங்க.

எனக்கு ஒன்பது நாள் ஆச்சு. தண்ணி சூட்டை 50ல இருந்து 38க்கு இறக்கியும் அம்மா ரூம் 21 டிகிரி நின்னுச்சு. தரையில விரிச்சிருந்த பவானி ஜமுக்காளத்தையும் மெத்தையையும் எடுத்து கட்டிலுக்கு மாத்தினோம், அதுங்க கீழ சூடு அடைபட்டுக் கெடந்தது.

எனக்கு கோபம் என்னன்னா இதை நான் செஞ்சிருக்கவே கூடாது. எந்த ரூமுக்கு எத்தனை வாட், எந்த லூப் எத்தனை மீட்டர், எத்தனை லிட்டர்னு டிசைன் பண்றவங்க போட்ட தாள் ஒண்ணு கண்டிப்பா இருக்கணும், அது இல்லாம பைப்பே பதிக்கக் கூடாது. 2022 ஜூன்ல அமலுக்கு வந்த பார்ட் எல், அதாவது இங்கிலாந்து கட்டட விதிகள்ல எரிசக்தி சிக்கனத்துக்கான பகுதி, அதன்படி ஹீட்டிங்கை செட் பண்ணி சரிபார்த்து, வீட்டுக்காரருக்கு விவரமும் கொடுக்கணும். எனக்கு கெடைச்சது பளபளப்பா ஒரு ஃபைல், உள்ள அடுப்பு மேனுவல். தாளை வாங்க நாலு மாசம் இமெயில் போட வேண்டியதாச்சு.

அதனால சாவி வாங்கற அன்னைக்கே அந்தத் தாளைக் கேளுங்க, கூடவே மேனிஃபோல்டை திறந்து காட்டச் சொல்லி கண்ணாடிக் குழாய் காட்டற லிட்டர் நம்பரும் தாள்ல இருக்கற நம்பரும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. கட்டிக்கிட்டு இருக்கற வீடுன்னா இன்னொண்ணும் கேளுங்க, சிமெண்ட் ஸ்கிரீட் போட்டு 21 நாள் கழிச்சுதானே சூடு விட்டீங்க, 25 டிகிரில ஆரம்பிச்சு மெதுவா ஏத்தினீங்களான்னு. அவசரப்பட்டா தரை வெடிப்பு விடும், அதுக்கு அப்புறம் எந்த வால்வைத் திருகியும் புண்ணியம் இல்ல.

உங்க வீடு-மனை பக்கத்துல இதைப் பத்தி விவரமா ஒரு கட்டுரை, லூப் படத்தோட, செப்டம்பருக்குள்ள போட்டீங்கன்னா ரொம்ப உபகாரமா இருக்கும். அக்டோபர்ல இங்க ஹீட்டிங் போட ஆரம்பிச்சிடுவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ரெடிங், இங்கிலாந்து