பாலிஷ் போடாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களையெல்லாம் பார்த்துவிட்டேன். ஏலத்தில் எடுத்த அந்தப் பித்தளை மைக்ராஸ்கோப் நல்ல பொருள். மரப்பெட்டியும் சாவியும் கூடவே வந்திருப்பது அதைவிடப் பெரிய விஷயம். ஆனால் கடைசியில், "பாலிஷ் போட்டுப் பளபளவென்று ஆக்கி ஷெல்ஃபில் வைக்கப் போகிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் உடனே எழுதுகிறேன். போடாதே. இதை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கை வை.

குழாயின் மேல் பொன்னிறமாகத் தெரிகிறதே, அது அரக்குப் பூச்சு. அந்தக் காலத்துப் பட்டறையில் பித்தளையை வழவழப்பாக்கி, இளஞ்சூடாக்கி, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெல்லிய தூரிகையால் பூசுவார்கள். தங்க நிறம் தூக்கலாகத் தெரிய, நிறம் தரும் பிசின்களையும் அதில் கலப்பார்கள். காற்றும் ஈரமும் உலோகத்தைத் தொடாமல் இத்தனை காலம் காத்தது அந்தப் பூச்சுதான். பாலிஷில் இருப்பது நைசான அரைக்கும் பொடி. அது முதலில் அரக்கைத் தின்னும், அடுத்து பித்தளையைத் தின்னும், பொறித்த எழுத்துகளின் ஓரத்தை மழுங்கடிக்கும், பள்ளங்களில் வெள்ளையாகக் காய்ந்து உட்கார்ந்துவிடும். கிடைத்த பளபளப்பு கொஞ்ச நாளில் மங்கிவிடும். போன அரக்கு போனதுதான்.

ஸ்பிரிட்டாலும் துடைக்காதே. ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசிய அரக்கு, ஸ்பிரிட் பட்டால் மறுபடியும் கரையும். உலர்ந்த மென்தூரிகையால் தூசியைத் தட்டு. அது போதவில்லை என்றால், காய்ச்சி வடித்த நீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த பஞ்சால் லேசாக ஒற்றி, கையோடு உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிடு. மூலைகளில் பச்சைக் களிம்பு இருந்தால் கூர்மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டலாம், இரும்பு ஊசி வேண்டாம். ஏற்றி இறக்கும் பல்சக்கரம் இறுகியிருந்தால் முரட்டுத்தனமாகத் திருப்பாதே. உள்ளே பழைய கிரீஸ் காய்ந்து கெட்டித்திருக்கும். ஒரு பல் உடைந்தால் அதே அளவில் இன்னொன்று கிடைப்பது கஷ்டம்.

லென்ஸுக்கு வா. அதைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார். உள்ளே மஞ்சளாகவோ, ஓரத்தில் வானவில் வளையங்களாகவோ தெரிந்தால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் கனடா பால்சம் என்ற பிசின் பழசாகிப் பிரியத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதை நீ சரிசெய்ய முயலாதே.

ஏன் இரண்டு கண்ணாடி என்று கேட்பாய். ஒற்றை லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிக்காது. பார்க்கும் பொருளின் விளிம்பில் நீலமும் சிவப்புமாக நிறம் கசியும். கிரௌன், ஃப்ளின்ட் என்ற இரு வகைக் கண்ணாடியைச் சேர்த்து, ஒன்றின் குறையை மற்றதால் ஈடுகட்டும் லென்ஸுக்கு லண்டனில் ஜான் டொலாண்ட் 1758-ல் காப்புரிமை வாங்கினார். தொலைநோக்கிக்கு அது உடனே உதவியது. மைக்ராஸ்கோப்பின் பொடி லென்ஸுகளுக்கு ஒழுங்காக வந்துசேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் என்ற ஒயின் வியாபாரி. தொழில் ஒருபக்கம் இருக்க, ஆசையால் ஒளியியல் படித்து, 1830-ல் ராயல் சொசைட்டியின் இதழில் தன் கட்டுரையை வெளியிட்டார். அவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் அவர் பிள்ளையும் வரப்போகிறார்.

ஷெல்ஃபில் வைக்கிறேன் என்றாயே, அதற்கு முன் அதன் வழியாக ஒருமுறை பார்த்துவிடு. பழைய கருவியை வாங்கிப் பார்க்காமலே வைத்திருப்பவர்களைக் கண்டால் எனக்கு மனசு ஆறுவதில்லை. லண்டன் மைக்ராஸ்கோப் சங்கம் 1858-ல் பொருள்வில்லைக்கென, அதாவது பார்க்கும் பொருளுக்குப் பக்கத்தில் இருக்கும் லென்ஸுக்கென, ஒரு திருகுமரையின் அளவை முடிவு செய்தது. விட்டம் 0.8 அங்குலம். இன்றைக்கும் பல மைக்ராஸ்கோப்புகளில் அதே மரைதான். உன்னுடையது அதற்குப் பிந்தியது என்றால், அதன் லென்ஸை இன்றைய கல்லூரி மைக்ராஸ்கோப்பில் மாட்டிப் பார்க்கவே முடியலாம். ஆய்வகத்தில் பாடம் நடத்திய இத்தனை வருஷத்தில் என்னை இந்த அளவுக்கு வியக்க வைத்தவை குறைவு.

செய்தவர் யார், எந்தக் காலம் என்று கேட்டிருந்தாய். அடிப்பாகத்தில் இருக்கும் பெயரைப் பார்த்து உடனே முடிவுகட்டாதே. அது விற்ற கடையின் பெயராகவும் இருக்கலாம். முகவரியும் இருந்தால் நல்லது, பழைய வணிக டைரக்டரிகளில் அந்தத் தெருவில் அந்தக் கடை எந்த வருஷங்களில் இருந்தது என்று தேடலாம். பவல் லீலண்ட் போன்ற மைக்ராஸ்கோப் செய்தவர்கள் சிலர் வருஷத்தையே பொறித்தார்கள். ஸைஸ் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் கருவி என்றால் தொடர் எண்ணை வைத்துக் காலம் சொல்லலாம்.

பூதக்கண்ணாடி வைத்து எழுத்தையும் பார். கையால் வெட்டிய எழுத்தில் கோடு மெலிதாகத் தொடங்கி, நடுவில் ஆழமாகி, மறுபடி மெலிந்து முடியும். அமிலம் வைத்து அரித்த போலியில் ஆழம் முழுக்க ஒன்றுபோல, அடி தட்டையாக இருக்கும். பழைய புகழ்பெற்ற பெயர்களைப் பொறித்த புதுப் பித்தளை செக்ஸ்டன்ட்டுகளும் (கப்பலோட்டிகள் கோணம் அளக்கும் கருவி) மடக்குத் தொலைநோக்கிகளும் சந்தையில் நிறைய உண்டு. செக்ஸ்டன்ட் என்றால் வெர்னியரை, அதாவது அதிலுள்ள நகரும் சின்ன அளவுகோலை, நகர்த்திப் பார். அதன் பூஜ்யம் பெரிய அளவுகோலின் ஒரு கோட்டோடு பொருந்தும்போது, வெர்னியரின் கடைசிக் கோடும் இன்னொரு கோட்டோடு பொருந்த வேண்டும். அலங்காரத்துக்குச் செய்த பொருளில் பெரும்பாலும் இது பொருந்தாது. தலையில் கூட்டல்குறி வெட்டிய திருகு இருந்தால் சந்தேகப்படு, அது 1930-களில் வந்தது.

ஏமாறுவோமோ என்று பயந்து வாங்காமல் இருந்துவிடாதே. ராபர்ட் விப்பிள் என்ற சேகரிப்பாளர், தான் சேர்த்த ஆயிரம் போலக் கருவிகளை 1944-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அதுதான் இன்றைய விப்பிள் அருங்காட்சியகத்தின் தொடக்கம். அவர் வாங்கியவற்றிலும் சில போலிகள் இருந்ததைப் பிற்பாடு கண்டுபிடித்தார்கள்.

அடுத்த ஏலத்தில் ஓர் அறுவைசிகிச்சைப் பெட்டி வருகிறது என்றாய். படத்தில் கத்திகளுக்கும் ரம்பத்துக்கும் கருங்காலிக் கைப்பிடி தெரிகிறது. இங்கேதான் அந்தப் பிள்ளை வருகிறார். ஒயின் வியாபாரி லிஸ்டரின் மகன் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் கிருமியிலிருந்து காக்கும் முறையை 1867-ல் வெளியிட்டார். அதைத் தொடர்ந்து 1880-கள், 90-களில் கருவிகளை நீராவியில் சூடாக்கிச் சுத்தம் செய்யும் வழக்கம் பரவியது. மரமும் தந்தமும் அந்தச் சூட்டைத் தாங்காது. கைப்பிடி முதல் முனை வரை ஒரே உலோகமாக, நிக்கல் முலாம் பூசிய கருவிகள் வந்தன. அதனால் மரக்கைப்பிடி என்றால் பெரும்பாலும் அந்த மாற்றத்துக்கு முந்தியது. வெல்வெட் பள்ளங்கள் ஒவ்வொன்றிலும் அதற்குரிய கருவிதான் இருக்கிறதா, இன்னொரு பெட்டியிலிருந்து எடுத்துச் செருகியதா என்று பார்.

அதை வாங்கினால் ஒன்று செய், கண்ணா. விருந்தாளிகளை மிரட்டுவதற்காக அந்த ரம்பத்தை எடுத்துக் காட்டாதே. 1846-ல் பாஸ்டனில் ஈதர் மயக்கத்தைப் பலர் முன்னால் செய்து காட்டும்வரை, இப்படிப்பட்ட ரம்பத்தின் கீழ் மனிதர்கள் விழித்தபடியே படுத்திருந்தார்கள். மருத்துவர் எவ்வளவு வேகமாக அறுக்கிறாரோ அவ்வளவுக்கு வலி குறையும். எனக்கு அந்தப் பெட்டிகளைத் திறக்கும்போது அந்த மனிதர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். உனக்கும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இருட்டில் ஒளிரும் எண்கள் உள்ள ராணுவத் திசைகாட்டி பற்றியும் கேட்டாய். கதிர்வீச்சு உள்ள ரேடியம் பூச்சாக இருந்தால் வேண்டாம். இப்போது ஒளிரவில்லை என்பதால் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்காதே. மங்கியது அதோடு கலந்த ஒளிரும் பொருள், ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1600 வருஷம் ஆகும். ஏற்கெனவே வாங்கிவிட்டாய் என்றால் மூடியைத் திறக்காதே, பூச்சு உதிர்ந்து தூசியாக இருக்கும். பாதரச பாரோமீட்டரைப் பாதரசம் சிந்தாமல் கொண்டுபோக உனக்கு வழி கிடைக்கும்வரை அதையும் தள்ளிவை. தந்தம் சேர்ந்த எதையும் நாடு விட்டு நாடு அனுப்பச் சட்டக் கட்டுப்பாடுகள் உண்டு, கேட்காமல் பணம் கட்டாதே.

சரி, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பெட்டியில் உள்ள சின்னப் பித்தளை டப்பாக்களின் மூடியில் 2/3, 1/4 என்று ஏதாவது பொறித்திருக்கும். அது உள்ளே இருக்க வேண்டிய லென்ஸின் குவிய தூரம், அங்குலத்தில். காலி டப்பா இருந்தாலும் எறியாதே, எந்த லென்ஸ் காணவில்லை என்று அதுதான் சொல்லும். எங்கே, எப்போது, யாரிடம் வாங்கினாய் என்று ஒரு தாளில் பென்சிலால் எழுதி, ஏல ரசீதோடு பெட்டியின் இழுப்பறையில் வை. முன்னால் இருந்தவர் விட்டுப்போன சீட்டு, ஸ்லைடு எதுவும் அங்கே இருந்தால் அப்படியே இருக்கட்டும். அப்புறம் அடிப்பாகத்தின் எழுத்தை, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துக் கிட்டத்தில் இன்னொரு படம் எடுத்து அனுப்பு. இரண்டாவது வரியில் எண் மாதிரி ஏதோ தெரிகிறது, அது 3-ஆ 8-ஆ என்று இந்தப் படத்தில் எனக்குப் புரியவில்லை.

அன்புடன்,
அம்மா